முன்னதா, பின்னதா

பகலெல்லாம் அடுத்தவர் கண்ணுக்கு முன்னால்
வில்லை மாற்றுவது என் வேலை.
இதுல நல்லாத் தெரியுதா, இதுலயா?
முன்னதா, பின்னதா?
உசிலம்பட்டிக்காரர் ஒருவர் இன்று சொன்னார்:
ரெண்டும் ஒண்ணுபோலத்தாம்மா இருக்கு,
நீயே ஒண்ணப் பாத்துப் போட்டு விடு.
வெளியே இன்னும் நாற்பது பேர்.
போட்டு விட்டேன்.

இரவு பதினொன்றுக்கு
ஆரப்பாளையம் மாடி அறையில்
ஹெட்போன் மாட்டிக்கொண்டு
அதே கேள்வியை என்னிடம் கேட்கிறேன்.
மின்விசிறியை அணைத்தாயிற்று.
பீரோ கண்ணாடிமேல் ஜமுக்காளம்.
முழங்கை வழியே வியர்வை இறங்கி
ஆறாவது கம்பியில் சொட்டுகிறது.

ஒரே பாட்டில் நான்கு கிட்டார்.
நான்கும் நான்.
ஒரே கை, ஒரே கிட்டார், ஒரே ஜி மேஜர்,
ஒரே மூன்றாவது ஃபிரெட்.
தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும்
முகம் கழுவிப் பவுடர் பூசி நிற்கிறது.
சேர்த்துக் கேட்டால்
மூன்று நாள் சுண்டவைத்த குழம்பு,
எது முருங்கை எது கத்தரி
கரண்டிக்கே தெரியாது.

ஒன்றை இடப்பக்கம் தள்ளினேன், ஒன்றை வலப்பக்கம்.
அடிச்சத்தத்தை அரிந்தேன்.
மேலே கொஞ்சம் மினுக்கு ஏற்றினேன்.
எதிரொலி போட்டேன், எதிரொலி எடுத்தேன்.
முதல் டிராக்கையே நகலெடுத்துப் பக்கத்தில் வைத்தேன்,
அது இரண்டாகவில்லை, தடித்தது.
கீழ்வீட்டு சகுபர் சாதிக் கேட்டைச் சாத்திய சத்தம்
மூன்றாவதில் பதிவாகியிருக்கிறது,
இருப்பதிலேயே தெளிவாகக் கேட்பது அதுதான்.
ஜெபக்குமாருக்கு அனுப்பினேன்.
‘சவுண்டு சூப்பர் செலின்’ என்று பதில் வந்தது.
சவுண்டு.

பன்னிரண்டரைக்கு டீ குடிக்க
பேருந்து நிலையத்துக்கு இறங்கினேன்.
நான்கு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.
திண்டுக்கல் திண்டுக்கல் திண்டுக்கல் என்று
கடலை வறுபடுகிற வேகத்தில் ஒருவர்.
அவர் மூச்சு வாங்கும் இடத்துக்குள்
தேஏஏனி என்று இன்னொருவர்,
முதல் எழுத்தை ஆற்றுப் பாலம் வரைக்கும் இழுத்து.
பழனி மூக்கால் வந்தது.
கோயம்புத்தூர்க்காரர் கத்தவே இல்லை.
தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு,
அடித்தொண்டையில் ஒரே ஒரு கோவை,
அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.

நான்கும் கேட்டது.
யாரும் யாரையும்விடச் சத்தமாக இல்லை.
கிளாஸைப் பிடித்தபடி நின்றதில்
டீ ஆடை கட்டிவிட்டது.

மேலே வந்து
முதல் கிட்டாரை மட்டும் விட்டு
மூன்றையும் அழித்தேன்.
இரண்டாவதற்கு ஏழாம் ஃபிரெட்டில் கேபோ.
விரல் சி பிடிக்கும், கம்பி ஜி பேசும்,
மூக்கால்.
மூன்றாவதைக் கை ஓரத்தால் அமுக்கி,
கடலை வறுத்தேன்.
நான்காவதற்கு எட்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை
ஒரே தட்டு, தடித்த கம்பியில்.
மீதி நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு
இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.
இரண்டு தடவை கை தானாக எழுந்துவிட்டது.

மூன்றேகாலுக்குப் போட்டுக் கேட்டேன்.
முருங்கை முருங்கையாக இருந்தது.
நான்காவது மட்டும் காதில் விழவேயில்லை.
வீண்வேலை என்று அணைத்தேன்.
பாட்டு ஒரு பக்கம் சாய்ந்தது,
ஒரு கால் குட்டையான ஸ்டூல் மாதிரி.
போட்டேன், நின்றது.
அணைத்தேன், சாய்ந்தது.
இதுலயா, இதுலயா.

உசிலம்பட்டிக்காரருக்கு நான் எழுதியது
முன்னதா பின்னதா
எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.
கால் பவர்தான் வித்தியாசம்.
ரெண்டும் ஒண்ணுபோலத்தான் என்று
அவரே சொன்னார்.
எட்டரைக்குப் போனதும்
அவர் அட்டையைத் தேடி எடுக்க வேண்டும்.
போன் நம்பர் அதில் இருக்கும்.